அதிகாலை ஓட்டம்: பழக்கமாக வேண்டியது எது?

அதிகாலையில் ஓட ஆரம்பித்து இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "ஓட முடியவில்லை" என்பவர்கள் குறைவு. "எழுந்திருக்க முடியவில்லை" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். ஒரு நாள் மழை, ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் முந்தின இரவு படுக்கவே நேரமாகிவிட்டது, அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கடுத்த திங்கட்கிழமைக்கு அலாரம் வைக்கவே தோன்றுவதில்லை. இந்தப் பட்டியலில் ஓட்டம் எங்கேயும் வரவில்லை. எல்லாமே கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் நடந்தவை.

ஆனால் ஓடப் பழகுவது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் முக்கால்வாசி வாசலுக்கு வெளியே நடப்பதைப் பற்றியவை. எந்த ஷூ, எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம், கையில் எந்த வாட்ச். எல்லாம் தேவைதான். எழுந்து வெளியே வந்தவருக்குத் தேவை.

உடற்பயிற்சிப் பழக்கத்தை ஆராயும் உளவியலாளர்கள் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பயிற்சிக்குப் புறப்படுவது தன்னிச்சையாக நடப்பது ஒன்று. பயிற்சியையே யோசிக்காமல் செய்துமுடிப்பது இன்னொன்று. ஆலிசன் பிலிப்ஸ், பெஞ்சமின் கார்ட்னர் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் எவ்வளவு அடிக்கடி உடற்பயிற்சி செய்கிறார் என்பதோடு தொடர்பு கொண்டிருந்தது முதல் வகைப் பழக்கம்தான். இரண்டாவது வகைக்கு அதில் தனிப் பங்கு தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பல வருடமாக ஓடுபவருக்கும் மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கத்தான் செய்யும். அங்கே வேகத்தைக் குறைக்கலாமா வேண்டாமா என்று அவரும் யோசிப்பார். ஆனால் ஷூவை மாட்டலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டியதும் அந்த யோசனையின்மைதான். அதிகாலை ஓட்டத்தில் பழக்கமாக வேண்டியது ஓட்டம் அல்ல, புறப்பாடு. இதை ஒப்புக்கொண்டால் மற்ற பல கேள்விகளுக்கான விடைகளும் மாறிவிடுகின்றன.

முதலில் எத்தனை நாள் ஆகும் என்ற கேள்வி. 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த எண் வந்த வழி விசித்திரமானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று தான் கவனித்ததை 1960-இல் எழுதினார். கை மாறிக் கை மாறி வந்ததில் "குறைந்தது" உதிர்ந்துபோனது, மூக்கு அறுவை சிகிச்சையும் மறைந்துபோனது, எண் மட்டும் மிஞ்சியது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நடந்தது. பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, 2010-இல் முடிவுகளை அச்சிட்டார்கள். ஒவ்வொருவரும் தினமும் செய்ய ஒரு புதுச் செயலைத் தேர்ந்தெடுத்தார்கள்: மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் 15 நிமிட ஓட்டம், இப்படி. அந்தச் செயல் எந்த அளவுக்குத் தானாக நடக்கிறது என்று தினமும் குறித்தார்கள். தானாக நடக்கும் நிலையை எட்ட ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை போனது. (254 என்பது, அந்தத் தினசரிக் குறிப்புகளை வரைந்து கிடைத்த வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது. ஆய்வு நடந்ததே 84 நாள்தான். 66-ஐப் பிடித்துக்கொண்டு இப்போது "66 நாள் சவால்" நடத்துபவர்கள் இதைச் சொல்வதில்லை.) உடற்பயிற்சியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, சாப்பிடும் குடிக்கும் பழக்கங்களைத் தேர்ந்தெடுத்தவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது.

அந்த ஆய்வில் நாள் கணக்கைவிடப் பயன்படக்கூடியவை இரண்டு. ஒன்று, வளைகோட்டின் வடிவம். ஆரம்பத்தில் அது செங்குத்தாக ஏறி, பிறகு சமதளமாகிறது. அதாவது முதல் சில வாரங்களில் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் மதிப்பு அதிகம். அறுபதாவது தடவை சேர்ப்பதைவிட ஆறாவது தடவை சேர்ப்பது எவ்வளவோ கூடுதல். இரண்டு, நடுவில் ஒரு நாள் விட்டுப்போவதால் வளைகோடு கவனிக்கத்தக்க அளவுக்குச் சரியவில்லை. ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று கைவிடுபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அறாத சங்கிலியாக நாட்களை எண்ணிக் காட்டும் செயலிகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பதும் இதனால்தான். நாற்பது நாள் கணக்கு ஒரு காய்ச்சலில் பூஜ்யமாகும்போது, கூடவே ஆளும் உட்கார்ந்துவிடுகிறார்.

சரி, ஏன் அதிகாலை? உடல் அந்த நேரத்தில்தான் ஓட்டத்துக்கு உகந்தது என்று சிலர் சொல்வது உண்மைக்கு நேரெதிர். விடிவதற்கு முன் உடலின் உள்வெப்பம் அன்றைய அளவிலேயே மிகக் கீழே இருக்கிறது; வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, அப்போதுதான் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கும். தசை இறுகியிருக்கும், எதிர்வினை மந்தமாக இருக்கும். வேகம், வலு இரண்டும் பெரும்பாலானவர்களுக்கு உச்சத்தைத் தொடுவது பிற்பகலின் பின்பகுதியில். ஆகவே காலையில் ஓடும்போது கால் கனக்கிறது, அதே தூரம் மாலையில் சுலபமாக இருக்கிறது என்றால் அது மனப்பிரமை அல்ல.

அதிகாலைக்குள்ள அனுகூலம் உடலைச் சேர்ந்ததல்ல, நாளைச் சேர்ந்தது. அந்த நேரத்தை வேறு யாரும் கேட்பதில்லை. மாலை ஆறு மணி ஓட்டத்துக்குப் போட்டியாக வேலை நீளும், போன் வரும், பிள்ளைக்கு ஏதாவது தேவைப்படும், வயிறு பசிக்கும். காலை ஐந்தரைக்குப் போட்டி தூக்கம் ஒன்றுதான். அந்த ஒரு எதிரியைச் சமாளித்துவிட்டால் ஒவ்வொரு நாளும் அதே வரிசையில், அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரே காரியம் நடக்கும். பழக்கம் உருவாக வேண்டியதும் அதேதான்: மாறாத சூழலில் மாறாத செயல்.

இரண்டாவது அனுகூலம் வெளிச்சம். நம் மூளையில் கண்நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அது. அதன் இயல்பான சுற்று சரியாக 24 மணி நேரம் அல்ல. தூக்க ஆய்வாளர் சார்ல்ஸ் செய்ஸ்லரின் குழு 1999-இல் வெளியிட்ட அளவீட்டின்படி சராசரியாக 24 மணி 11 நிமிடம். சும்மா விட்டால் அது தினமும் கொஞ்சம் பின்தங்கும். தினமும் யாராவது அதைத் திருத்தி வைக்க வேண்டும். திருத்தி வைப்பது காலை வெளிச்சம். இதற்கென்றே விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி அணுக்கள் இருக்கின்றன. வீட்டு விளக்கின் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாது. மேகமூட்டமான பகலில்கூட வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். விடியலை ஒட்டி அரைமணி நேரம் வெளியே இருப்பவரின் கடிகாரம் கொஞ்சம் முன்னே நகர்கிறது. அன்றிரவு தூக்கம் சற்று முன்னதாக வரும், மறுநாள் எழுவது அந்த அளவுக்குச் சுலபமாகும். காலையில் வெளியே ஓடுவது மறுநாள் காலையில் எழுவதற்கான தயாரிப்பும் ஆகிவிடுகிறது. மூடிய அறைக்குள் ட்ரெட்மில்லில் ஓடுபவருக்கு இந்த உபரி லாபம் கிடையாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் கடிகாரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பது, உடல்வெப்பம் அடிமட்டத்தைத் தொடும் நேரத்துக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்தது. அதற்குப் பின் வரும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும். முன்னதாகவே வந்தால் பின்னே தள்ளும். தினமும் எட்டு மணிக்கு எழுபவர் திடீரென்று நாலரைக்கு எழுந்து வீட்டு விளக்குகளையெல்லாம் போட்டால், அவர் உடலுக்கு அது இன்னும் நள்ளிரவின் தொடர்ச்சிதான். அந்த வெளிச்சம் அவரை இரவு ஆந்தைப் பக்கமே தள்ளும். ஒரே நாளில் எட்டிலிருந்து ஐந்துக்குத் தாவுபவர்கள் ஒரு வாரத்தில் நொந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். சில நாளுக்கு ஒரு தடவை பதினைந்து இருபது நிமிடம் என்று முன்னே நகர்ந்தால் கடிகாரமும் கூடவே வரும். சனி ஞாயிறு இரண்டு நாளும் மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் அது மறுபடி பின்னே போகும். இந்த வாராந்தர இழுபறிக்கு "சமூக ஜெட்லாக்" என்று உயிர்க்கடிகார ஆய்வாளர் டில் ரோனபெர்க்கின் குழு 2006-இல் பெயர் வைத்தது. திங்கட்கிழமை அலாரம் ஏன் மற்ற நாட்களைவிடக் கொடூரமாக ஒலிக்கிறது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

தூக்கத்தின் அளவில் கைவைப்பது இன்னும் மோசம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது 2015-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் கூடி அறிவித்த பரிந்துரை. நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்து ஓடுவது கைமாற்று வாங்கிச் செலவு செய்வது போல. முதல் வாரம் தெரியாது, மூன்றாவது வாரம் வட்டியோடு கேட்கும். எனவே அலாரத்தை முன்னே நகர்த்தும் அதே பதினைந்து நிமிடத்தைப் படுக்கும் நேரத்திலும் நகர்த்த வேண்டும். இது கேட்பதற்கு எளிது, செய்வது கடினம், ஏனென்றால் இரவு பத்து மணி வீட்டில் நம் ஒருவருடைய சொத்து அல்ல. ஒரு காரியம் உதவும்: பிற்பகலுக்குப் பின் காபியை நிறுத்துவது. குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக் காபியின் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

இனி அந்தச் சண்டை நடக்கும் இடத்துக்கு வருவோம். அலாரம் அடிக்கிறது. கண்ணைத் திறக்காமலே கை போனைத் துழாவுகிறது. இந்தக் கணத்தில் உடம்பு விழித்துவிட்டது, ஆனால் நிதானமாக முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி இன்னும் முழுதாக வேலைக்கு வரவில்லை. தூக்கக் கிறக்கம் எனப்படும் இந்த நிலை பொதுவாக 15 முதல் 30 நிமிடம் நீடிக்கும். தூக்கம் பாக்கி இருந்தாலோ, ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுப்பப்பட்டாலோ இன்னும் நீளும். விழித்த பிறகு அரைமணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பு உச்சத்துக்கு ஏறி உடலைச் சுறுசுறுப்பாக்குகிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த அரைமணியில் "இன்று போகலாமா?" என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றே, அதில் நம்பகத்தன்மை எதுவும் இல்லை. ஸ்னூஸ் பொத்தானின் உண்மையான தீங்கும் இதில்தான் இருக்கிறது. ஒன்பது நிமிடக் கூடுதல் தூக்கத்தால் உடலுக்குப் பெரிய கேடு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை அதே கேள்வியை அதே கிறங்கிய மூளையிடம் அது திரும்பக் கேட்கிறது.

ஆகவே கேள்வியைக் காலையில் கேட்காமல் முந்தின இரவே முடித்துவிடுவதுதான் வழி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-கள் முதல் ஆராய்ந்துவருவது இதைத்தான்: "நான் இன்னது செய்வேன்" என்ற பொதுவான தீர்மானத்தைவிட, "இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று குறித்துவைத்த திட்டம் செயலாக மாறும் வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் மாணவர்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே உடற்பயிற்சி செய்யப்போகிறோம் என்று எழுதிக்கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளைப் படிக்க மட்டும் கொடுக்கப்பட்ட குழுவிலும், எதுவுமே சொல்லப்படாத குழுவிலும் செய்தவர்கள் 35 முதல் 38 சதவீதம். ஒரே ஒரு வாரம், அதுவும் அவர்களே சொன்ன கணக்கு என்பதை மறக்க வேண்டாம். 91 என்ற எண்ணை அப்படியே நம்பி ஏமாற வேண்டியதில்லை. ஆனாலும் ஊக்கமூட்டும் வாசகங்கள் மட்டும் படித்தவர்கள், எதுவும் படிக்காதவர்களைத் தாண்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எழுச்சி உரைகள் கேட்டுவிட்டுப் படுப்பவர்கள் யோசிக்கலாம்.

அந்தத் திட்டம் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது, தரையிலும் இருக்க வேண்டும். போனைக் கட்டிலிலிருந்து எட்டாத இடத்தில், முடிந்தால் குளியலறைக்குப் போகும் வழியில் வையுங்கள். அதை நிறுத்தப் போகிறவர் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டவர். போட வேண்டிய உடுப்பு போட வேண்டிய வரிசையில், மேலே முதலில் போடுவது, அடியில் கடைசியில் போடுவது. சாக்ஸ் இரண்டும் ஷூவுக்குள்ளேயே, லேஸ் அவிழ்த்துத் தளர்த்தப்பட்டு, ஷூவின் மூக்கு வாசலைப் பார்த்து. சாவி ஷூவுக்குள் சாக்ஸோடு. இருட்டில் ஒற்றைச் சாக்ஸைத் தேடி அலமாரியைக் கிளறும் இரண்டு நிமிடம் போதும், மனசு மாற. வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்றால் அந்தக் கிளறலே நாளைய அனுமதியையும் கெடுத்துவிடும். இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிடலாம். விழித்ததும் பெருங்குடல் சுறுசுறுப்பாகிறது, ஓட்டம் அதை மேலும் உசுப்பும். அதற்கான பத்து நிமிடத்தை அலாரக் கணக்கில் சேர்க்காதவர்கள் இரண்டாவது கிலோமீட்டரில் வருந்துவார்கள்.

இப்படி வெளியே வந்தாயிற்று. எவ்வளவு ஓடுவது? புறப்பாடுதான் பழக்கமாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நாளைய புறப்பாட்டுக்குப் பயம் காட்டாத அளவுக்கு ஓடுவது என்பதே பதில். புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் தூரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் தவிர வேறு ஓட்டம் தெரியாததால் முதல் நாளே விரட்டி ஓடி, முந்நூறு மீட்டரில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பக்கத்தில் நடப்பவர் முந்திவிடுவாரோ என்று கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும். இருக்கட்டும்.

ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-இல் உருவாக்கிய "கவுச் டு 5கே" (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) திட்டம் உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் இந்த அடக்கம்தான். முதல் வாரத்தில் 60 வினாடி மெல்லோட்டம், 90 வினாடி நடை, இப்படி மாறி மாறி இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். ஒன்பதாவது வாரத்தில் தொடர்ந்து அரைமணி நேரம். பிற்பாடு பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் இதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது.

இந்த மெதுவான ஏற்றம் மனசுக்காக மட்டுமல்ல. உடலின் பாகங்கள் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதி முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே கூடுகிறது. மூச்சு வாங்குவது ஒரு மாதத்துக்குள் நன்றாகவே குறைகிறது. தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு. எலும்பு புதிய பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்போது முதலில் பழையதை அரித்தெடுக்கிறது, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. நடுவில் சில வாரம் அது முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மூன்றாவது நான்காவது வாரத்தில், மூச்சு பழகிவிட்ட உற்சாகத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குபவர்களுக்குக் கீழ்க்கால் எலும்பின் உட்பக்கம் வலி பிடிப்பது இதனால்தான். நுரையீரல் "போ" என்று சொல்லும், எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தாலோ, ஓடாதபோதும் வலித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

எலும்புக்கு ஓய்வு வேண்டும், பழக்கத்துக்கோ தினசரித் திரும்பல் வேண்டும். இரண்டுக்கும் எப்படி ஒத்துப்போகும் என்ற கேள்வி வரும். புறப்பாட்டையும் ஓட்டத்தையும் பிரித்துவிட்டால் ஒத்துப்போகும். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், மற்ற நாள் அதே நேரம், அதே ஷூ, அதே வாசல், ஆனால் பதினைந்து நிமிட நடை. பழக்கத்தின் கணக்கில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். இவ்வளவு குறைவாக ஓடிப் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் ஏறக்குறைய 55,000 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், தினமும் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களிடம்கூட, ஓடாதவர்களைவிட மரண அபாயம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஓடுபவர்கள் மற்ற வகையிலும் ஆரோக்கியமானவர்களாக இருக்கக்கூடும் என்ற சந்தேகத்தை இத்தகைய ஆய்வுகளால் முழுதாக விலக்க முடியாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது.

அதிகாலைக்கே உரிய சில எச்சரிக்கைகள். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் வட்டுகள் நீர் உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய வட்டில் குனியும் பாரம் அதிகமாக விழும். எழுந்த கையோடு குனிந்து காலைத் தொடும் பயிற்சி அந்த நேரத்துக்கு வேண்டாம். ஐந்து நிமிட வேகநடையே நல்ல வார்ம்-அப். முதல் அடியை ஊன்றும்போது குதிகாலில் சுருக்கென்று வலிப்பவர்கள் அதை அலட்சியம் செய்யக் கூடாது. வெறும் வயிற்றில் ஓடலாமா என்றால், அரைமணி ஓட்டத்துக்குத் தாராளமாக ஓடலாம். இரவில் கரைவது கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்புதான், தசையின் சேமிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இன்சுலினோ, சர்க்கரையைக் கீழே இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. மாரடைப்புகள் காலை நேரத்தில்தான் அதிகம் வருகின்றன என்பதும் பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். இதயநோய், ரத்த அழுத்தம், நடந்தாலே நெஞ்சில் இறுக்கம் என்று ஏதேனும் இருந்தால் முதல் புறப்பாடு மருத்துவரிடம். இருட்டில் ஓடுபவர்கள் வெளிர்நிற உடுப்போடு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, காதில் எதையும் மாட்டாமல் ஓட வேண்டும்.

இப்போது ஒரு முரண். இவ்வளவு நேரம் ஒரே நேரம், ஒரே வரிசை என்று சொன்னேன். ஒரு பெரிய நிறுவனத்தின் சுமார் 2,500 ஊழியர்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஒரு பரிசோதனை இதற்கு எதிராகப் பேசுவதுபோல் தோன்றும். ஒரு குழுவுக்கு, அவர்களே முன்கூட்டிச் சொன்ன நேரத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் மட்டும் பணம். இன்னொரு குழுவுக்கு எந்த நேரத்தில் போனாலும் பணம். பணம் நின்ற பிறகு கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் இரண்டாவது குழுவினர். முதல் குழுவினர் குறித்த நேரத்துக்கு ஒழுங்காகப் போனார்கள். ஆனால் அந்த நேரம் தவறிவிட்டால் அன்றைக்கு வேறு நேரத்தில் போவது குறைவாக இருந்தது. ஒழுங்கு அவர்களை உருவாக்கியது, அதே ஒழுங்கு அவர்களை முறித்தும்விட்டது.

இதிலிருந்து நேரம் குறிக்காதே என்ற முடிவுக்கு வரத் தேவையில்லை. தவறினால் என்ன செய்வது என்பதையும் முந்தின இரவே குறித்துவை என்றுதான் எனக்குப் படுகிறது. "காலையில் போக முடியாவிட்டால், வேலை முடிந்து வந்ததும் உடுப்பு மாற்றுவதற்கு முன் பத்து நிமிடம் நடப்பேன்" என்ற ஒரு வரி போதும். மழைக்கு ஒரு வரி: கூரைக்குக் கீழே அதே ஷூவோடு படியேறி இறங்குவது. ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாதுதான்.

அதிகாலை எல்லோருக்கும் சரிவரும் என்று சொல்ல மாட்டேன். காலை ஆள், இரவு ஆள் என்ற வேறுபாட்டில் மரபணுவுக்கும் வயதுக்கும் பங்கு உண்டு. பதின்வயதில் கடிகாரம் பின்னே போய்க்கொண்டே இருந்து, இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. கல்லூரி மாணவரை ஐந்து மணிக்கு உலுக்கி எழுப்பி "சோம்பேறி" என்பது அநியாயம். இரவுப் பணி பார்ப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் தூங்குவதே அவர்களுக்கான உடற்பயிற்சி. மாலையில் ஓடினால் தூக்கம் கெடும் என்ற பயமும் பெரும்பாலும் வீண். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடுமையான பயிற்சிதான் தொந்தரவு தரும்.

ஓடியதும் வரும் பரவசத்தைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. உடல் சுரக்கும் எண்டார்பின் என்ற பொருளை அதற்குக் காரணமாகவும் சொல்வார்கள். ரத்தத்தில் ஊறும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. உடலே சுரக்கும் கஞ்சா வகைச் சேர்மங்களுக்குத்தான் அதில் பெரிய பங்கு இருக்கும் என்பது இப்போதைய கருத்து. எதுவானாலும், நடையும் ஓட்டமுமாக இருபது நிமிடம் போய்வரும் புதியவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதை எதிர்பார்த்து எழுபவர் ஏமாறுவார். அவருக்குக் கிடைப்பது வேறு சில சின்ன விஷயங்கள்: எட்டு மணிக்குள் ஒரு வேலை முடிந்துவிட்ட நிம்மதி, நன்றாகப் பசிப்பது, இரவு படுத்ததும் தூக்கம் வருவது. போதுமானவை.

பழகிவிட்டதாக நினைத்தவர்களும் பயணம், வீடு மாற்றம், வேலை மாற்றம் ஆகியவற்றில் தடுக்கிவிழுகிறார்கள். வெண்டி வுட் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களைப் பின்தொடர்ந்தது. புது இடத்திலும் சூழல் பழையதை ஒத்திருந்தவர்களுக்கு உடற்பயிற்சி முதலிய பழக்கங்கள் கூடவே வந்தன. சூழல் மாறியவர்களுக்கு அவை நின்றுபோயின, அல்லது ஒவ்வொரு தடவையும் மனசைத் திரட்டித்தான் செய்ய வேண்டியிருந்தது. வெளியூரில் தங்கும் முதல் இரவே ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து, சாக்ஸை அதற்குள் திணித்து, கதவைப் பார்த்து வைப்பது இதற்காகத்தான். மறுநாள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தெருவின் முனைவரை நடந்துவிட்டு வந்தால் போதும். இரண்டு மூன்று வாரம் முழுக்க விட்டுப்போனால் முதலில் குறைவது ரத்தத்தின் அந்த நீர்ப்பகுதி, அதனால் திரும்ப ஆரம்பிக்கும் நாளில் பழைய வேகத்திலேயே மூச்சு கூடுதலாக வாங்கும். பழைய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்கலாம். அலாரத்தை மட்டும் பழைய நேரத்துக்கே வைக்கலாம்.